டெலிவரிக்கு முன் ஆக்ஸஸரி பட்டியல்: ஷோரூமில் போடுவதா, நாமே மாட்டுவதா?

பாலாற்றங்கரை | காட்பாடி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் வண்டி டெலிவரி. காம்பாக்ட் எஸ்.யு.வி., நடு வேரியன்ட். வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு மைலேஜ் பக்கம் போய்விடும், இந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

நேற்று ஷோரூமில் ஆக்ஸஸரி எஸ்டிமேட் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். டோர் வைசர் (ஜன்னல் மேல் ஒட்டும் மழைத் தடுப்பு), மட் ஃப்ளாப் (சக்கரத்தின் பின்னால் சேறு தடுப்பது), ஃப்ளோர் மேட், சீட் கவர், ஃபாக் லேம்ப், ரிவர்ஸ் கேமராவும் சென்சாரும், டேஷ் கேம் (முன் கண்ணாடியில் ஒட்டிப் பதிவு செய்யும் கேமரா), பம்பர் கார்டு, அண்டர்பாடி கோட்டிங் (வண்டியின் அடியில் துருத் தடுப்புப் பூச்சு). கூட்டினால் ஐம்பதாயிரத்தைத் தொடுகிறது. 'ஃபிட்டிங் சார்ஜ்' என்று தனி வரி வேறு. வெளியே போட்டால் வாரன்ட்டி போய்விடும் சார் என்கிறார் சேல்ஸ் தம்பி. எங்கள் மாமாவோ, "நாலு ஸ்க்ரூ முடுக்குறதுக்கு இவ்வளவா, நாமே போட்டுக்கலாம்டா" என்கிறார். மாமாவிடம் ஸ்பேனர் செட் இருக்கிறது, தைரியமும் இருக்கிறது. பயமே அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான்.

எதை அங்கேயே விடலாம், எதை நாமே மாட்டலாம், எதை வாங்கவே வேண்டாம்? கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டி.என். 23 | வேலூர்

அண்டர்பாடி கோட்டிங் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள்.

பழைய கவுன்ட்டர் | வேலூர்

சில வருடங்கள் ஒரு ஷோரூமில் ஆக்ஸஸரி கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது வேறு வேலை. எந்த ஷோரூம் என்று கேட்காதீர்கள்.

முதல் விஷயம், அந்தப் பட்டியலில் எதுவுமே கட்டாயம் இல்லை. நம்பர் பிளேட்டை மட்டும் அவர்கள்தான் மாட்ட வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு அந்த ஹோலோகிராம் பிளேட் கம்பெனி வழியாக டீலரிடமே வருகிறது. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். அடுத்து, ரிவர்ஸ் சென்சாருக்குப் பணம் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். 2019 ஜூலையிலிருந்து எல்லாக் காரிலும் அது கம்பெனியிலேயே வந்தாக வேண்டும். கேமராதான் நடு வேரியன்ட்டில் சில சமயம் இருக்காது.

டிஸ்கவுன்ட் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "இருபதாயிரத்துக்கு ஆக்ஸஸரி ஃப்ரீ" என்பார்கள். அது எம்.ஆர்.பி. கணக்கு. அவர்களுக்கு அடங்கும் விலை அதைவிட நன்றாகவே குறைவு. அதே தொகையைப் பணமாகக் கழிக்கச் சொன்னால் முகம் மாறும். பாதியையாவது பணமாகக் கழித்தால் உங்களுக்கு அதுவே மேல்.

இனி ஃபிட்டிங். நான் இருந்த இடத்தில் மாட்டிய பையன்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, கான்ட்ராக்ட். இத்தனை வண்டிக்கு இவ்வளவு என்று கூலி. சாதாரண நாளில் நன்றாகத்தான் செய்வார்கள். ஆனால் நம் ஊரில் ஆடி மாதம் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் மொத்தமும் வந்து குவியும். ஆயுத பூஜைக்கும் அப்படித்தான். முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ட்யூப் லைட் வெளிச்சத்தில் வரிசையாக வைசர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி நீங்கள் ஓட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். பதினைந்து நாளில் ஓரம் தூக்கும்.

அதனால் ஷோரூமிலேயே போடுவதாக இருந்தாலும், டெலிவரி அன்றைக்கு வேண்டாம். முதல் சர்வீஸுக்கு விடும்போது போடச் சொல்லுங்கள். கூட்டம் இருக்காது, நீங்களும் பக்கத்தில் நிற்கலாம்.

அண்டர்பாடி கோட்டிங் பற்றி டி.என். 23 சொன்னதற்கு ஆமென். பாடியை முழுசாகப் பிரைமர் தொட்டியில் முக்கி எடுத்து, அடியில் சீலரும் பூசித்தான் கம்பெனி அனுப்புகிறது. வேலூரில் கடல் காற்று இல்லை, பனிக்கு ரோட்டில் உப்பு தூவும் வழக்கமும் இல்லை. அவசரத்தில் கறுப்பை அடித்து, தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனி விட்டிருக்கும் துளைகளை அடைத்துவிட்டால், இல்லாத துருவை நாமே வரவழைத்த மாதிரி.

டீச்சரம்மா | குடியாத்தம்

தம்பி, வைசரும் மட் ஃப்ளாப்பும் மேட்டும் நீங்களே போடலாம். எங்கள் வீட்டில் வந்த இரண்டு வண்டிக்கும் நான்தான் போட்டேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார்.

வைசரில் தோற்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள். புது வண்டிதானே, சுத்தமாகத்தானே இருக்கும் என்று நேரே ஒட்டுவார்கள். டெலிவரிக்கு முன் ஷோரூமில் பளபளப்புக்கு ஒரு பாலிஷ் போட்டிருப்பார்கள், அது கதவு பிரேமிலும் படிந்திருக்கும். அதன்மேல் எந்த டேப்பும் நிற்காது. மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். ஒரு வெள்ளைத் துணியில் நனைத்து, துணியில் அழுக்கு வராத வரைக்கும் துடையுங்கள். வெயில் ஏறும் முன், காலை ஏழு மணிக்குள் செய்யுங்கள். மத்தியானம் நம் ஊரில் அந்தத் தகட்டைத் தொடவே முடியாது, ஒட்டுவது எங்கே.

டேப்பின் மேல் இருக்கும் சிவப்புத் தாளை முழுசாக உரிக்காதீர்கள். இரண்டு முனையிலும் விரல் நீளத்துக்கு மட்டும் உரித்து, அந்த வாலை வெளிப்பக்கம் மடித்துத் தொங்க விடுங்கள். வைசரைக் கதவில் வைத்துப் பாருங்கள். முன் கதவு, பின் கதவு இரண்டின் கோடும் நேராக வருகிறதா என்று நாலடி தள்ளி நின்று பாருங்கள். திருப்தியானபின் ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் அந்த வாலை மெதுவாக இழுத்தால் தாள் முழுவதும் வந்துவிடும், வைசர் அசையாது. அப்புறம் கட்டைவிரலால் முழு நீளமும் அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் கண்ணாடியை இறக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஜன்னல் லாக் சுவிட்சை அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஆர்வத்தில் இறக்கிவிடுவார்கள்.

மட் ஃப்ளாப்புக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பினால் முன் சக்கரத்தின் பின்னால் கை போகும் அளவு இடம் வரும். உங்கள் மாடலுக்கே உரிய ஃப்ளாப் வாங்கினால் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூ துளையிலேயே உட்காரும். பொதுவான ஃப்ளாப்பை வாங்கிக்கொண்டு தகட்டில் டிரில் போடலாம் என்று மாமா சொன்னால் டிரில்லை ஒளித்து வையுங்கள். அந்தத் துளையில்தான் துரு தொடங்கும்.

மேட் போடும்போது டிரைவர் பக்கம் தரையில் இருக்கும் கொக்கியில் மாட்டியே ஆக வேண்டும். கம்பெனி மேட்டின் மேலேயே இன்னொரு மேட்டைப் போடாதீர்கள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஆக்ஸிலேட்டரைத் தரை வரை அழுத்தி விட்டுப் பாருங்கள். மேட் ஓரம் தட்டுகிறது என்றால் அந்த மேட் வேண்டாம்.

ஆம்பூர் எக்ஸ்பிரஸ் | ஆம்பூர்

எல்லோரும் ஷோரூம்காரனைத் திட்டுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிறேன், கிடைப்பது ஒரு ஞாயிறு. அதையும் ஆல்கஹாலும் துணியுமாகக் கதவைத் துடைப்பதில் கழிக்க எனக்கு இஷ்டம் இல்லை. கேமரா ஷோரூமில் போட்டேன். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து படம் மங்கியது. பில்லைக் காட்டினேன், புதுசு மாட்டிக் கொடுத்தார்கள், ஒரு பைசா கேட்கவில்லை. ஆன்லைனில் வாங்கி நானே மாட்டியிருந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கூடுதலாகக் கொடுத்த பணம் அதற்குத்தான்.

டீச்சரம்மா | குடியாத்தம்

அது நியாயம்தான். பில் வாங்கியிருக்கிறீர்கள், அதனால் மாற்றிக் கொடுத்தார்கள். வைசருக்கு யாரிடமும் சண்டை போட வேண்டியிருக்காது என்பதுதான் என் கணக்கு. எது கெட்டால் தலைவலியோ அதற்கு மட்டும் பணம் கொடுங்கள்.

பாய்லர் சார் | ராணிப்பேட்டை

பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி எலக்ட்ரிஷியன் அல்ல. ஆனால் மின்சாரத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே புத்திதான்.

தம்பி, ஷோரூமா வீடா என்று பிரிக்காதீர்கள். ஒயரை வெட்ட வேண்டியிருக்கிறதா இல்லையா என்று பிரியுங்கள். கப்ளருக்குக் கப்ளர், அதாவது கம்பெனி விட்டிருக்கும் சொருகு முனையில் அப்படியே போய் உட்காரும் பொருள் என்றால் யார் மாட்டினாலும் ஒன்றுதான். கம்பெனி ஒயரைச் சீவி, அதன்மேல் இன்னொரு ஒயரைச் சுற்றி, கறுப்பு டேப்பைப் போடும் வேலை என்றால் ஷோரூமில் செய்தாலும் அது கெட்ட வேலைதான்.

அந்தக் கறுப்பு பி.வி.சி. டேப்பைப் பற்றி இரண்டு வரி எழுதியே ஆக வேண்டும். வேலூர் கத்திரி வெயிலில் பேனட்டுக்கு உள்ளே இருக்கும் சூட்டில் அதன் பசை இளகி வழியும். ஒரு கோடை போனபின் தொட்டுப் பாருங்கள், டேப் தானாகச் சுழன்று வரும், விரலில் கறுப்புப் பசை ஒட்டும், உள்ளே செம்புக் கம்பி பச்சையாகத் தெரியும். கம்பெனி ஒயரிங்கைப் பாருங்கள், துணி டேப் சுற்றியிருப்பார்கள். இணைப்பு போடத்தான் வேண்டும் என்றால் கிரிம்ப் செய்து (உலோக இணைப்பானை அழுத்தி), சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள், மேலே துணி டேப் சுற்றுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இனி ஃபாக் லேம்ப். கணக்கு எளிது. 55 வாட்ஸ் பல்பு இரண்டு, மொத்தம் 110 வாட்ஸ். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இந்தக் கரன்ட்டை டேஷ்போர்டில் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாக ஓடவிடக் கூடாது. ரிலே வேண்டும், அதாவது சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும். 30-ல் பேட்டரியிலிருந்து வரும் ஒயர், 87-ல் லேம்ப்புக்குப் போகும் ஒயர், 85-ம் 86-ம் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்ப் ஃபியூஸ், அதாவது நீல நிறம். லேம்ப் பக்கத்தில் ஃபியூஸ் வைப்பவர்கள் உண்டு. நடுவில் எங்காவது ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால் அந்த ஃபியூஸ் ஒன்றும் செய்யாது, ஒயர்தான் எரியும். ஃபியூஸ் காப்பது ஒயரை, லேம்பை அல்ல.

எர்த்தைப் பெயின்ட் மேல் முடுக்காதீர்கள். ஏற்கெனவே கம்பெனி எர்த் போட்டிருக்கும் போல்ட்டிலேயே சேருங்கள். எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் விடுங்கள். மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட ஒயரோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக்.

ஒரு சோதனை. நடு வேரியன்ட்டில் சில கம்பெனிகள் ஃபாக் லேம்ப் ஒயரிங்கைப் பம்பருக்குப் பின்னால் விட்டே அனுப்பும், சில அனுப்பாது. டார்ச் அடித்துப் பாருங்கள். சும்மா தொங்கும் கப்ளர் இருந்தால் லேம்பையும் சுவிட்சையும் வாங்கினால் போதும். இல்லையென்றால் பம்பரைக் கழற்றி ஒயர் இழுக்க வேண்டும், அதை மாமாவிடம் விடாதீர்கள்.

பாலாற்றங்கரை | காட்பாடி

மாமாவுக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். டிரில் விஷயத்தில் மட்டும் கோபம்.

டேஷ் கேம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதையாவது நானே போடலாமா? ராத்திரி தெருவில்தான் நிறுத்துகிறேன், பார்க்கிங் ரெக்கார்டிங் வேண்டும்.

கிரீன் சர்க்கிள் | வேலூர்

எதுக்கு இவ்வளவு டென்ஷன் நைனா. எனக்குத் தெரிந்த பாய் ஒருத்தர் இருக்கிறார், எல்லாவற்றையும் அரை நாளில் முடித்துக் கொடுப்பார், ஷோரூம் விலையில் பாதி. நம்பர்: [நீக்கப்பட்டது]

மட்டறுத்துநர்

கடைகளின் தொலைபேசி எண்கள் வேண்டாம். தனிச்செய்தியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாய்லர் சார் | ராணிப்பேட்டை

வெளி எலக்ட்ரிஷியனிடம் போவதில் தப்பு இல்லை. பல பேர் ஷோரூம் பையன்களைவிட நன்றாகச் செய்வார்கள். வேலையைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃபியூஸை எங்கே வைப்பீங்க?" இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினால் வண்டியை விடுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஷோரூமிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

டேஷ் கேம் நீங்களே போடலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் வேலையே இல்லை, ஆனால் சாவியை எடுத்ததும் பெரும்பாலான வண்டிகளில் அணைந்துவிடும். பார்க்கிங் ரெக்கார்டிங் வேண்டுமென்றால் ஹார்டுவயர் கிட், அதாவது ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேரே கரன்ட் எடுக்கும் ஒயர் செட். அதில் மூன்று ஒயர்: எப்போதும் கரன்ட் இருக்கும் இடத்துக்கு ஒன்று, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இடத்துக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. ஃபியூஸ் பாக்ஸில் ஃபியூஸ் டாப் (tap) என்று ஒரு சின்ன அடாப்டரைச் சொருகினால் ஒயரை வெட்டவே வேண்டாம். ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் என்று பெயர் இருக்கும் ஃபியூஸ்களைத் தொடாமல் சாக்கெட், உள்விளக்கு மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரால் பார்த்து உறுதி செய்யுங்கள், மூடியில் இருக்கும் படத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கேமரா 0.3 ஆம்ப் இழுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளில் 7 ஆம்ப் ஹவர். உங்கள் பேட்டரி 40 சொச்சம்தான் இருக்கும். நாலு நாள் திருப்பதி, திருவண்ணாமலை என்று பஸ்ஸில் போய்விட்டு வந்தால் வண்டி கிளம்பாது. அதனால் வோல்ட்டேஜ் குறைந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் கிட்டாக வாங்கி, 12 வோல்ட்டுக்குக் குறையாமல் செட் செய்யுங்கள்.

டீச்சரம்மா | குடியாத்தம்

சார் சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும் கேமரா நம் வெயிலுக்கு ஆகாது. மே மாதம் வெட்டவெளியில் மூடி நிறுத்திய வண்டிக்குள், அதுவும் முன் கண்ணாடி ஓரத்தில், சூடு 60 டிகிரியைத் தாண்டும். பேட்டரி உப்பிவிடும். பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளது என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

இன்னொன்று, ஒயரைக் கண்ணாடி ஓரத் தூணின் பிளாஸ்டிக்கிற்குள் இறக்கும்போது கவனம். ஆறு ஏர்பேக் வண்டி என்றால் அந்தத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். ஒயர் அதற்குப் பின்பக்கமாகப் போக வேண்டும். முன்பக்கமாகக் குறுக்கே போனால் அது விரியும்போது தடுக்கும். முன் கண்ணாடியில் ஏற்கெனவே கம்பெனி கேமரா இருந்தால் அதன் பார்வையை மறைக்காமல் தள்ளி ஒட்டுங்கள்.

தோல் பதம் | மேல்விஷாரம்

சீட் கவர் பற்றி நான் பேசாவிட்டால் எங்கள் ஊருக்கே அவமானம்.

ஷோரூம் எஸ்டிமேட்டில் 'லெதர் சீட் கவர்' என்று போட்டிருந்தால் அது தோல் என்று நம்பிவிடாதீர்கள். முக்கால்வாசி ரெக்ஸின், இல்லையென்றால் பி.யு., இரண்டுமே செயற்கை. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் பதனிட்டு உலகத்துக்கே அனுப்புகிற நாம் ரெக்ஸினுக்குத் தோல் விலை கொடுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சோதிப்பது சுலபம். தையல் இல்லாத ஒரு ஓரத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நிஜத் தோலில் அடிப்பக்கம் மெல்லிய நாராகப் பிசிறு பிசிறாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் நார் எழும்பும். ரெக்ஸினுக்கும் பி.யு.வுக்கும் அடியில் பின்னல் துணி தெரியும். வாசனையை நம்பாதீர்கள், வாசனையைத் தனியாகத் தெளிக்கிறார்கள். மேல்பக்கத்தின் வரிகளையும் நம்பாதீர்கள், பிளேட்டை வைத்து அழுத்தினால் ரெக்ஸினிலும் எருமைத் தோல் வரி வரும்.

ஆனால் என்னைக் கேட்டால் வேலூர் வெயிலுக்குத் தோலே வேண்டாம். நிழலில் நிறுத்த இடம் இல்லாதவன் தோல் சீட்டில் மத்தியானம் உட்கார்ந்தால் அலறுவான். கம்பெனித் துணி சீட்டே நல்லது. கறை பயம் இருந்தால் நல்ல காட்டன் உறை.

முக்கியமான ஒன்று. முன் சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று சின்ன டேக் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் சீட்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி இறுக்கித் தைத்த கவர் போட்டால் அடிபடும் நேரத்தில் அது வெளியே வர முடியாது. அந்தப் பக்கம் திறப்பு விட்டோ, பிரிந்து வரும் மெல்லிய நூலில் தைத்தோ செய்த கவர்தான் வேண்டும். கடைக்காரர் "எல்லா வண்டிக்கும் போடும் கவர்தான் சார்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

டி.என். 23 | வேலூர்

பம்பர் கார்டு இன்னும் எஸ்டிமேட்டில் வருகிறதா? 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு எதிரானது என்று. 2019 திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு வந்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதுவும் ஓனருக்கு. அபராதத்தை விடுங்கள், மோதும் வேகத்தைப் பம்பர் வாங்கி நசுங்க வேண்டும் என்றுதான் வடிவமைக்கிறார்கள். நடுவில் இரும்பை வைத்தால் அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும், ஏர்பேக் சென்சாரும் குழம்பும்.

பட்டியலில் இல்லை, ஆனாலும் நாளைக்குக் கேட்பீர்கள்: சன் ஃபிலிம். முன், பின் கண்ணாடிக்கு 70 சதவீதம், பக்கவாட்டுக்கு 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. 2012-ல் உச்ச நீதிமன்றம் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்றது. அப்புறம் விதி திருத்தப்பட்டு, அளவுக்கு உட்பட்டது ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இந்தச் சரித்திரத்தையெல்லாம் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கத்தில் வெயிலில் நின்று கை காட்டும் போலீஸ்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. துணித் திரை போதும், அதையும் ஓட்டும்போது கழற்றிவிடுவேன்.

கிரீன் சர்க்கிள் | வேலூர்

ஃபாக் லேம்புக்குப் பதில் ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டால் செலவு குறையுமே? சொருகினால் முடிந்தது, ஒயரும் வெட்ட வேண்டாம், சார் சொன்ன விதிப்படியே.

பாய்லர் சார் | ராணிப்பேட்டை

ஒயரை வெட்டவில்லை, எதிரில் வருபவர் கண்ணைக் கெடுக்கிறீர்கள். ஹாலஜன் ரிஃப்ளெக்டர் என்பது பல்பின் இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியை வைத்துச் செய்தது. எல்.இ.டி. சிப் வேறு இடத்தில், வேறு வடிவத்தில் உட்காரும். வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலா பக்கமும் சிதறும். உங்களுக்குப் பளிச்சென்று தெரிவது பக்கத்து மரம்தான்.

ஆம்பூர் எக்ஸ்பிரஸ் | ஆம்பூர்

சித்தூர் ரோட்டில் ராத்திரி ஓட்டிப் பாருங்கள் கிரீன் சர்க்கிள். எதிரில் அந்த வெள்ளை பல்போடு ஒருத்தன் வந்தால் சைக்கிள்காரன் இருப்பதே தெரியாது. இதில் மட்டும் நான் பாய்லர் சார் கட்சி.

பழைய கவுன்ட்டர் | வேலூர்

வாரன்ட்டி விஷயம் பாக்கி இருக்கிறது. 'வெளியே போட்டால் வாரன்ட்டி போய்விடும்' என்பது பாதி உண்மை. வாரன்ட்டி புத்தகத்தைத் திறந்து விலக்குகள் இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். வெளிப்பொருளாலோ மாற்றத்தாலோ வந்த கோளாறுக்குப் பொறுப்பில்லை என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். வெளியே மேட் வாங்கினதற்காக கியர்பாக்ஸ் வாரன்ட்டியை மறுக்க முடியாது. ஆனால் ஒயரை வெட்டிவிட்டு அதே சர்க்யூட்டில் பிரச்சினை என்று போனால் மறுப்பார்கள். சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை என்று ஒருத்தர் வந்தார். உள்பக்க டிரிம் பலகையைத் திறந்தால் வெளியே ஸ்டீரியோ செட் மாட்டிய ஆள் சீவிய ஒயர். சர்வீஸ் அட்வைசர் முதலில் செய்த வேலை போனை எடுத்து போட்டோ பிடித்ததுதான். அந்த போட்டோ ஃபைலில் ஏறிவிட்டால் அப்புறம் வாதாடிப் பயன் இல்லை.

ஷோரூமில் போடும்போதும் ஒரு ஓட்டை இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு சாதாரணத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அது செல்லாது. ஜி.எஸ்.டி. பில், அதில் பார்ட் நம்பர், ஜாப் கார்டில் இன்ன வேலை செய்தது என்ற வரி. மூன்றும் இல்லாவிட்டால் ஷோரூமில் போட்டதற்கும் தெருவில் போட்டதற்கும் வித்தியாசம் இல்லை. ஆம்பூர்க்காரரின் கேமராவை மாற்றிக் கொடுத்தது அந்த பில்லைப் பார்த்துத்தான்.

இன்ஷூரன்ஸும் உண்டு. கம்பெனி வண்டியோடு வராத எலக்ட்ரிக்கல் சாமானுக்குத் தனியாகச் சொல்லிப் பாலிசியில் சேர்க்க வேண்டும். ஐ.எம்.டி. 24 என்ற பாலிசிச் சேர்க்கையைக் கேளுங்கள், சாமான் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். சேர்க்காவிட்டால் திருடு போனாலும் நசுங்கினாலும் அந்தச் சாமானுக்குக் காசு வராது. இரண்டாயிரம் ரூபாய் பொருளுக்கெல்லாம் இது தேவையில்லை. பெரிய ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை | காட்பாடி

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: வைசர், ஃப்ளாப், மேட், டேஷ் கேம் நானே, மாமா மேற்பார்வை. சீட் கவர் இல்லை. பம்பர் கார்டு இல்லை. ஃபாக் லேம்ப், பம்பருக்குப் பின்னால் கப்ளர் இருந்தால் மட்டும். ரிவர்ஸ் கேமராதான் குழப்பம். மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன், ஆனால் டிக்கிக் கதவு வழியாக ஒயர் இழுப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பாய்லர் சார் | ராணிப்பேட்டை

அந்தப் பயம் சரியானது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும், ஒயர் அதற்குள்தான் போக வேண்டும். வெளியே விட்டால் கதவு திறந்து மூடித் திறந்து மூடி ஒரு வருடத்தில் நறுக்கிவிடும். அந்தக் குழாயை எடுத்துத் திரும்ப உட்கார வைக்கும்போது உதடு சரியாகப் பதியாவிட்டால் ஐப்பசி மழையில் டிக்கிக்குள் தண்ணீர். அதைவிடப் பெரிய சிக்கல், கம்பெனித் திரையோடு சேர்க்கும்போது சில மாடல்களில் ஸ்கேனரை மாட்டி 'கேமரா இருக்கிறது' என்று வண்டிக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் படம் வரும். அந்த ஸ்கேனர் அவர்களிடம்தான் இருக்கிறது. கேமராவை ஷோரூமிலேயே கொடுத்துவிடுங்கள்.

டீச்சரம்மா | குடியாத்தம்

முதல் சர்வீஸின்போது. பக்கத்தில் நின்று. பில்லோடு.

பாலாற்றங்கரை | காட்பாடி

சரி, அப்படியே செய்கிறேன். இப்போதுதான் சேல்ஸ் தம்பிக்கு போன் போட்டேன். மற்றதெல்லாம் எடுத்துவிடலாம் சார், ஆனால் அண்டர்பாடி கோட்டிங் மட்டும் சிஸ்டத்தில் ஏறிவிட்டது, எடுக்க முடியாது என்கிறார்.

பழைய கவுன்ட்டர் | வேலூர்

சிஸ்டத்தில் ஏற்றியவரே இறக்கலாம், அதற்கு ஒரு பட்டன்தான். தம்பியிடம் பேசாதீர்கள், அவருக்கு டார்கெட். நேரே சேல்ஸ் மேனேஜரிடம் போய், கோட்டிங் இல்லாத புது ப்ரொஃபார்மா (விலைத்தாள்) கொடுத்தால்தான் மீதிப் பணம் கட்டுவேன் என்று சொல்லுங்கள். லோன் என்றால் பேங்குக்கும் அந்தப் புதுத் தாளையே அனுப்பச் சொல்லுங்கள். பணம் போன பிறகு கேட்டால் ரீஃபண்டுக்கு மாசக்கணக்கில் அலைய வேண்டும். நாளைக்குக் காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்குமேல் மேனேஜர் சீட்டில் இருக்க மாட்டார்.